ஷாக் மாற்றியும் போகாத சத்தம்: பாலக்கோடு கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவருடைய கார் இது. 2016 மாடல் டீசல் செடான். தருமபுரியில் உள்ள எங்கள் ஒர்க்ஷாப்புக்கு முதல்முறை வந்தபோது மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வண்டியை அவரேதான் ஓட்டுகிறார். விடியற்காலையில் மாரண்டஅள்ளி, ராயக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்குப் போய்த் தோட்டங்களைப் பார்ப்பார், பகலில் மண்டி, இடையிடையே தொப்பூர் வழியாகச் சேலம். டிக்கியில் எப்போதும் இரண்டு மூன்று தக்காளி கிரேட் கிடக்கும். சில நாள் அவை நிறைந்தும் இருக்கும்.

ஓட்டத்தை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. நெடுஞ்சாலையில் மட்டும் ஓடிய காரும் இந்தக் காரும் ஒரே கிலோமீட்டர் காட்டினாலும் அடிப்பாகம் ஒரே நிலையில் இருக்காது. தோட்டங்களுக்குப் போகும் ஊர்ச்சாலைகள் பெரும்பாலும் ஒரு வண்டி அகலத் தார். எதிரே டிராக்டரோ லோடு வண்டியோ வந்தால் இடப்பக்கம்தான் ஒதுங்க வேண்டும். அப்போதெல்லாம் இடது சக்கரங்கள் மட்டும் தாரை விட்டு மண்ணில் இறங்கி, மறுபடி தார் விளிம்பில் ஏறும். மழைக்காலம் முடிந்தால் ஓரத்து மண் அரித்துப்போய் அந்த விளிம்பு நான்கு விரல் உயரத்துக்கு நிற்கும். வலது சக்கரம் இந்த அடியை வாங்குவதே இல்லை. எங்களிடம் வரும் ஊர்ப்புற வண்டிகளில் இடது முன்பக்கம் முதலில் போவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

எங்களிடம் வருவதற்கு முன்பே இந்த வண்டிக்கு நிறைய வைத்தியம் நடந்திருந்தது. வேகத்தடையில் முன்னால் ‘டொக்’ என்று சத்தம் வருகிறது என்று போனபோது ஓர் இடத்தில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். சில நாள் சத்தம் குறைந்தது, அப்புறம் திரும்ப வந்தது. அடுத்து, இடது முன் டயரின் உள்விளிம்பு தேய்கிறது என்று வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்யும் வேலை. கொஞ்ச காலம் கழித்து இன்னொரு கடையில் மறுபடி அலைன்மென்ட். கடைசியாகப் பார்த்தவர் ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறார்.

“தம்பி, ஷாக் மாத்தி நாலு மாசம்கூட ஆகல. சத்தம் அப்படியே இருக்கு. இப்ப ரேக் மாத்தணுங்கறாங்க. அதையும் மாத்திட்டு சத்தம் போகலன்னா நான் யாரைக் கேக்கறது?” என்றார்.

ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

வண்டியை உடனே லிஃப்டில் ஏற்றவில்லை. முதலில் அவரையே ஓட்டச் சொல்லி, இடது சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். சத்தம் எப்போது, எந்த நிலையில் வருகிறது என்பது ஓட்டுகிறவருக்குத்தான் பழக்கம். நாம் ஓட்டினால் நம் ஓட்டத்துக்கு அது வராமலே போகலாம். நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி மெதுவாகப் போனால், அடியில் எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். அப்படி ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்தோம்.

முழு அகல வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கியபோது சத்தம் மிகக் குறைவு. அதே வேகத்தில் இடது சக்கரத்தை மட்டும் பள்ளத்தில் விட்டால் ‘டொக் டொக்’ என்று வரிசையாகத் தட்டியது. இந்த வித்தியாசம் முக்கியமானது. இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பியான ஸ்டெபிலைசர் பார், இரண்டு சக்கரங்களும் ஒரே அளவு ஏறி இறங்கும்போது வேலை செய்வதில்லை, சும்மா கூடவே சுழலும். ஒரு பக்கம் மட்டும் ஏறும்போதுதான் முறுக்கிக்கொண்டு, தன் இரு முனைகளிலும் உள்ள லிங்க் ராடை (பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி) இழுக்கும். ஆகவே ஒற்றைச் சக்கரப் பள்ளத்தில் மட்டும் வரும் தட்டலுக்கு முதல் சந்தேகம் லிங்க்.

ஆனால் சத்தம் அது ஒன்று மட்டுமல்ல. ஆளில்லாத சமதளத்தில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை மிதித்தால் ‘தொப்’ என்று ஒரே ஒரு சத்தம். ரிவர்ஸில் கொஞ்சம் நகர்ந்து பிரேக் போட்டால் மறுபடி ஒன்று. முன்னுக்கும் பின்னுக்கும் ஏதோ ஒன்று இடம் மாறி உட்காருகிறது என்று பொருள். இது லிங்கின் வேலையாக இருக்க முடியாது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் லேசாக இடப்பக்கம் போனது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நேராக வந்தது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று அவரும் சொன்னார். பிரேக் பேட் கோளாறு என்றே அதுவரை நினைத்திருக்கிறார்.

மூன்றாவதாக, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பினால் ‘டங்’ என்று கம்பி துள்ளுகிற மாதிரி ஓர் ஓசை. இதை அவர் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, “அது ஷாக் மாத்தினதுல இருந்து இருக்குங்க, புதுசு செட் ஆகற வரைக்கும் வரும்னு சொன்னாங்க” என்றார். புது ஷாக் செட் ஆவதற்கு அப்படி ஓர் ஓசை தேவையில்லை.

மூன்று ஓசை, மூன்று வெவ்வேறு சூழ்நிலை. முன்பு பார்த்தவர்கள் எல்லாவற்றையும் ‘முன்பக்கச் சத்தம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள்.

தூக்கிப் பார்த்ததில் தெரிந்தது

சக்கரங்கள் தொங்கும்படி லிஃப்டில் ஏற்றி, முதலில் சக்கரத்தைப் பக்கவாட்டில் இரு கையாலும் பிடித்து ஆட்டினோம். ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் இரு முனைகளான டை ராடு எண்டிலோ ரேக் எண்டிலோ ஆட்டம் இருந்தால் இதில் தெரியும். இல்லை. ரேக்கின் ரப்பர் பூட் இரண்டும் கிழியாமல், எண்ணெய்க் கசிவின்றி உலர்ந்து இருந்தன. ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு இப்படியும் அப்படியும் அசைக்க, இன்னொருவர் டை ராடில் கை வைத்துப் பார்த்தபோதும் தாமதமோ தட்டலோ இல்லை. ரேக் நன்றாக இருந்தது. மாற்றியிருந்தால் முழுக்க வீண் செலவு.

அடுத்து சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது இடப்பக்கம் லேசான அசைவு. இது சக்கரப் பேரிங்கா, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்டா என்று பிரிக்க, ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னோம். பேரிங் ஆட்டமாக இருந்தால் பிரேக் பிடித்ததும் நின்றுவிடும். நிற்கவில்லை. பால் ஜாயின்டின் ரப்பர் உறையில் விரிசல் விட்டு, உள்ளே கிரீஸ் மண்ணோடு கலந்து கறுத்த களிம்பாக இருந்தது.

சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷில் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) நீண்ட லிவரை வைத்து நெம்பியதும் விஷயம் தெளிவாகிவிட்டது. ரப்பர் நடுக்குழாயை விட்டுப் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. நெம்பினால் விரல் நுனி நுழையும் அளவு பிளவு திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. லிவர் வைக்காமல் டார்ச் அடித்து மட்டும் பார்த்தால் சாதாரண பழைய புஷ் போலத்தான் தெரியும். முன்பு யாரும் கண்டுபிடிக்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் கவனித்தோம். அந்த ரப்பர் காய்ந்து வெடிக்கவில்லை. மாறாக உப்பி, மெத்தென்று, கையில் ஒட்டியது. கேட்டபோது விவரம் வந்தது. ஒவ்வொரு வாட்டர் வாஷ் முடிந்ததும் அடியில் ஆயில் ஸ்ப்ரே. “சத்தம் ஜாஸ்தியானா நானே போய் அடிக்கச் சொல்வேன், ரெண்டு நாள் சத்தமில்லாம ஓடும்” என்றார். துருப்பிடிக்காமல் இருக்க என்று லாரி, ஜீப் காலத்திலிருந்து வந்த வழக்கம் இது. இலைப்பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் அதற்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. கார்களின் புஷ்கள் பெரும்பாலும் இயற்கை ரப்பர். டீசலும் கழிவு எஞ்சின் ஆயிலும் பட்டால் அது உறிஞ்சி உப்பும், பிடிப்பு தளரும். சத்தம் இரண்டு நாள் அடங்குவது ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்பதால்தான், சரியானதால் அல்ல.

இடது லிங்க் ராடின் கீழ்மூட்டில் உறை கிழிந்து ஆட்டம் இருந்தது. இதைச் சோதிக்கும்போது ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கக்கூடாது. பார் முறுக்கிக்கொண்டு லிங்கை இழுத்துப் பிடிப்பதால் ஆட்டம் மறைந்துவிடும். இரண்டும் தொங்க வேண்டும், அல்லது இரண்டும் தரையில் நிற்க வேண்டும்.

அலைன்மென்ட் ஷீட்டில் எல்லாம் பச்சையாக இருந்தது ஏன்

டேஷ்போர்டில் அவர் பத்திரமாக வைத்திருந்த அலைன்மென்ட் ஷீட்கள் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டிலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பிய கோணம்), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்த கோணம்) எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது அளவு சரி. ஆனாலும் டயரின் உள்விளிம்பு தேய்ந்திருந்தது. உள்ளங்கையால் டயரின் குறுக்கே ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரப்பு. டோ கோணம் தவறி ஓடும் டயரின் அடையாளம் அது.

ஷீட் பொய் சொல்லவில்லை. அலைன்மென்ட் அளப்பது நிற்கும் வண்டியில். ஓடும் வண்டியில் பிரேக் போட்டால் தரை சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பைத் தாங்கி ஆர்மை அதன் இடத்தில் நிறுத்த வேண்டியது புஷ்கள்தான். பின்பக்கப் புஷ் கிழிந்துவிட்டால் சக்கரம் சிறிது பின்னே நகர்கிறது. டை ராடின் நீளமோ மாறுவதில்லை. ஆர்ம் பிடித்திருக்கும் இடம் நகர்ந்து, டை ராடு பிடித்திருக்கும் இடம் நகராமல் நின்றால் சக்கரம் திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் இடது சக்கரம் மட்டும் இப்படித் திரும்பியதால்தான் வண்டி இடப்பக்கம் இழுத்தது, டயரும் தேய்ந்தது. நின்றதும் ரப்பர் பழைய இடத்துக்கு வந்துவிடும், ஷீட்டில் பச்சை விழும்.

இதை அவருக்கு வெறும் வாயால் சொல்லாமல், வண்டிக்கு அடியில் நிற்கவைத்து லிவரால் நெம்பிக் காட்டினோம். சக்கரம் அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகு ரேக் பேச்சு எழவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

“புஷ் மட்டும் போடக்கூடாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆர்மை முழுதாக மாற்றுவதைவிட புஷ் பல மடங்கு மலிவு. பால் ஜாயின்ட் நல்ல நிலையில் இருந்திருந்தால் நாங்களும் அதையே சொல்லியிருப்போம். இந்த மாடலில் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வருவது, தனியாகக் கழற்றிப் போட வசதி இல்லை. அதிலும் ஆட்டம் இருக்கும்போது புஷ் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். மேலும் பின்பக்கப் புஷ்ஷின் ரப்பருக்குள் வெற்றிடங்கள் உண்டு. அவை குறிப்பிட்ட திசையில் நிற்க வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் குறி பார்த்து ஏற்றாமல், வைஸில் வைத்துச் சுத்தியலால் இறக்கினால் திசையும் மாறும், ஆர்மும் வளையும்.

வலது ஆர்மில் புஷ் மேலோட்டமாக வெடித்திருந்தது, கிழியவில்லை. பால் ஜாயின்ட் இறுக்கமாகவே இருந்தது. இங்கே கொஞ்சம் யோசித்தோம். ஒரு பக்கம் போனால் இரு பக்கமும் மாற்று என்ற பேச்சை எல்லாப் பாகத்துக்கும் நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஷாக்குக்கு அது கட்டாயம், ஒரு பக்கம் புதிது மறுபக்கம் பழையது என்றால் வண்டியின் போக்கே மாறும். டை ராடு எண்டுக்கு அப்படி இல்லை, நன்றாக இருந்தால் விட்டுவிடலாம், இங்கே விட்டோம். ஆர்மைப் பொறுத்தவரை வலது ரப்பருக்கும் அதே வயது, அதே ஆயில் குளியல். இடது புதிதாகக் கெட்டியாகி, வலது மெத்தென்று இருந்தால் பிரேக் இழுப்பு எதிர்ப்பக்கம் மாறக்கூடும். தொப்பூரில் இறங்குகிற வண்டி என்பதால் இரண்டையும் மாற்றச் சொன்னோம், அவரும் ஒப்புக்கொண்டார். லிங்க் ராடு விலை குறைவு, அதையும் ஜோடியாகவே போட்டோம்.

மூன்றாவது ஓசைக்கு, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பான ஸ்ட்ரட்டைக் கழற்றியாக வேண்டியிருந்தது. பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் துள்ளல் கையில் தெரிந்தது. ஷாக் மாற்றியவர்கள் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பழைய மவுண்டையும் (மேல் தாங்கி), அது சுழல உதவும் பேரிங்கையும் அப்படியே திரும்பப் போட்டிருந்தார்கள். ஸ்ட்ரட் வெளியே இருக்கும்போது இவற்றை மாற்றக் கூடுதல் கூலி கிடையாது. இப்போது அதே கூலியை அவர் இரண்டாம் முறை கொடுக்க நேர்ந்தது. மொத்த பில் ரேக்குக்குச் சொன்ன தொகையில் பாதிக்கும் கீழே நின்றது என்பதால் அவர் முகம் சுளிக்கவில்லை.

வேலை

இடது ஆர்ம் தருமபுரியிலேயே கிடைத்தது, வலது ஆர்ம் சேலத்திலிருந்து வர ஒரு நாள் ஆனது.

பால் ஜாயின்டின் கழுத்தில் ஒரு பள்ளம் உண்டு. இறுக்கும் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போக வேண்டும். முழுதாக உள்ளே இறங்காமல் போல்டை அடித்து ஏற்றினால் மூட்டு ஒருநாள் உருவிக்கொண்டு வரும். ஆர்மைக் கழற்றியதும் நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) வெறுமனே தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தோம். இல்லாவிட்டால் டிரைவ் ஷாஃப்ட் இழுபடும், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எடையைத் தாங்க வேண்டிவரும்.

ஸ்ட்ரட்டைப் பிரித்தபோது இடது ஸ்பிரிங்கின் கீழ்முனை, அதற்கென உள்ள படியில் உட்காராமல் ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. பேரிங்கும் மண் ஏறி இறுகியிருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் கூடவே சுழல முடியாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு துள்ளியதுதான் அந்த ‘டங்’. ஷாக்கின் ராடில் ப்ளையர் பல் பதிந்த தழும்பும் இருந்தது. இம்பாக்ட் கன்னில் நட்டை இறுக்கும்போது ராடு சேர்ந்து சுற்றாமல் இருக்க யாரோ பிடித்திருக்கிறார்கள். பளபளப்பான ராடில் கீறல் விழுந்தால் ஏறி இறங்கும்போது ஆயில் சீலைக் கிழிக்கும். நல்லவேளையாகத் தழும்பு மேல்முனையில், சீல் எட்டாத உயரத்தில் இருந்தது. ஷாக் இரண்டும் கசிவின்றி இருந்ததால் அவற்றையே வைத்துக்கொண்டு, மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றை மட்டும் புதிதாகப் போட்டோம்.

ஆர்ம் போல்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் கையிறுக்கமாக மட்டும் விட்டோம். இந்த ஒரு விஷயத்தில்தான் பல இடங்களில் புதுப் புஷ் சீக்கிரமே போகிறது. புஷ்ஷின் நடுக்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், அதன் பிறகு ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஆர்ம் ஏறி இறங்க முடியும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், முறுக்கிய துண்டை அவிழ்க்காமல் ஆணி அடித்த மாதிரி ரப்பர் நிரந்தர முறுக்கிலேயே நிற்கும். நின்றிருக்கும்போதும் அதற்கு ஓய்வு இல்லை. ஆகவே சக்கரத்தை மாட்டி, வண்டியை அதன் எடையோடு, அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்தி, நான்கைந்து முறை அமுக்கி விட்டு, பிறகு கீழே இறங்கி டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். நைலான் நட்டுகள் எல்லாம் புதியவை.

சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து அலைன்மென்ட் பார்த்தோம். உள்விளிம்பு தேய்ந்த டயரைப் பின்பக்கம் மாற்றினோம். அந்த டயர் இனி பின்னாலிருந்து ‘ஊம்’ என்று இரையும், அது சஸ்பென்ஷன் சத்தம் அல்ல என்று வண்டியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டோம். சொல்லாமல் விட்டால் மறுநாளே வண்டி திரும்ப வரும்.

பிறகு நடந்தது

டெலிவரி எடுத்த வாரத்தில் சேலம் போய்வந்து போன் செய்தார். கணவாய் இறக்கத்தில் ஸ்டீயரிங் நேராக நிற்கிறது, மூன்று ஓசையும் இல்லை, டயர் இரைச்சல் மட்டும் இருக்கிறது என்றார்.

5,000 கிலோமீட்டர் கழித்து வரச்சொல்லிப் பார்த்தோம். முன் டயர்கள் சீராகத் தேய்ந்திருந்தன. புஷ்கள் உலர்ந்து இருந்தன. தழும்பு விழுந்த ஷாக்கில் கசிவு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சர்வீஸிலும் அதைப் பார்க்க வேண்டும் என்று கார்டில் எழுதி வைத்தோம். ராடில் லேசான எண்ணெய் ஈரம் இருந்தால் பயமில்லை, ஷாக் உடல் நெடுக வழிந்தால் மாற்ற வேண்டும்.

இடையில் ஒருமுறை, “பின்னால டொக்குங்குது, இப்ப பின் ஷாக்கா?” என்று பதறிக்கொண்டு வந்தார். டிக்கியைக் காலி செய்து பார்த்தால் ஸ்டெப்னி பள்ளத்தில் ஜாக்கி அதன் பிடியில் மாட்டப்படாமல் உருண்டுகொண்டிருந்தது. கிரேட் ஏற்றி இறக்கும் பையன் பஞ்சருக்கு எடுத்துவிட்டு அப்படியே போட்டிருக்கிறான். பில் போடவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்த வண்டியின் முதல் பில்லிலேயே ஷாக்கோடு மவுண்டும் பேரிங்கும் சேர்ந்திருந்தால், அப்போதே ஆர்மை லிவரால் நெம்பிப் பார்த்திருந்தால், அலைன்மென்ட் செலவும் ஒரு டயரின் பாதி ஆயுளும் மிஞ்சியிருக்கும். அலைன்மென்ட் போடும் கடைகள் மெஷினில் ஏற்றுவதற்கு முன் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் போடுவது அந்த நிமிடத்துக்கான அளவை எழுதித் தருவது மட்டுமே. வாடிக்கையாளரும் ஷீட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல், ஆட்டம் பார்த்தீர்களா என்று கேட்கலாம்.

எங்கள் ஜாப் கார்டில் இப்போது சத்தத்துக்கென்று தனி இடம் விட்டிருக்கிறோம். ஒற்றைச் சக்கரத்திலா இரட்டையிலா, பிரேக்கிலா, திருப்பும்போதா, ஓட்டியது யார், எந்தச் சாலையில் என்று எழுதிய பிறகுதான் எஸ்டிமேட்.

ஆயில் ஸ்ப்ரே விஷயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. வேண்டாம் என்று சொன்னால் வாட்டர் வாஷ் கடைக்காரர்கள் அடிப்பதில்லை, சொல்ல மறந்தால் கேட்காமலே அடித்துவிடுகிறார்கள், காசும் சேர்ந்துவிடுகிறது. இந்த வண்டியின் டீசல் மூடியின் உள்பக்கம் ‘அடியில் ஆயில் அடிக்க வேண்டாம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினால் அவர்கள் கண்ணில் படாது என்பதால், வாஷுக்கு விடும்போது சாவியோடு கொடுக்கும்படி சாவிக்கொத்திலேயே ஓர் அட்டையை மாட்டிக் கொடுத்திருக்கிறோம். ஏதாவது புஷ்ஷில் கீச்சுச் சத்தம் வந்து, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானாலும் ஆயில் தேவையில்லை, ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்தால் போதும். எதில் தெளித்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் ஆள். தண்ணீர் ரப்பரை ஒன்றும் செய்யாது.